வெந்நீர் மட்டும்

சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு என்று
லேப்காரப் பெண் கொடுத்த சீட்டை
மளிகைச் சிட்டை என்று நினைத்துக்
காரைக்குடிக் கடையில் நீட்டிவிட்டேன்.
கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"இதுல எதுவும் நம்மகிட்ட இல்லையே அண்ணே."

முப்பது வருஷமாய்க் கலியாணச் சமையல்.
எண்ணூறு இலைக்கு எத்தனை படி என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
ஒரே ஒரு ஆளுக்கு,
அதுவும் எனக்கு,
எவ்வளவு என்று தெரியாது.

முதல் தடவை ஓட்ஸை அண்டாவில் வறுத்தேன்.
கைக்குப் பழக்கம் அதுதான்.
ஒரு கைப்பிடி ஓட்ஸ்
பெரிய வளவில் வழி தப்பின பிள்ளை மாதிரி
சுற்றிச் சுற்றி வந்து கருகியது.
ராக்கு தாளிப்புக் கரண்டியை எடுத்துக் கொடுத்தாள்.
சிரிக்கவில்லை. அது பெரிய உதவி.

இப்போது முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில்
வாசம் வருகிறவரை வறுத்து
பாதியை அப்படியே விடுகிறேன், பாதியை மாவாக்குகிறேன்.
மாவு இல்லாவிட்டால் தண்ணீர் தனி, செதில் தனி.
சிவக்க வறுத்த பாசிப்பருப்புப் பொடி,
மிளகு, சீரகம்,
நொறுங்கக் காய்ந்த கறிவேப்பிலை, உப்பு.
சூட்டோடு மூடினால் டப்பாவுக்கு வேர்த்துவிடும்,
மூன்றாம் நாள் பூசணம்.
ஆறட்டும் என்று இருப்பதுதான் பாடு.
எரிகிறதன் முன்னால் நிற்கத் தெரியும் எனக்கு,
ஆறுகிறதன் முன்னால் உட்காரத் தெரியாது.

பள்ளத்தூரில் ஒரு கலியாணம். விடிகாலை நாலு மணி.
பின்கட்டில் ஆறு அடுப்பு.
கந்தரப்பம் எண்ணெயில் புரள்கிறது,
கவுனி அரிசி குழைந்து கறுப்பாய் மினுங்குகிறது.
நாக்கைப் பல்லால் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்:
"சேவுகா, இனிப்பு எப்படிடா?"
"சரியா இருக்குண்ணே."
பாயசத்தில் சீனி மறந்த அன்றைக்கும்
அவனுக்குச் சரியாகத்தான் இருந்தது.

என் டம்ளரில் நாலு கரண்டி பொடி.
மேலே வெந்நீர் மட்டும்.
மூடி வைத்து நூறு எண்ண வேண்டும்.
அறுபதில்,
பெண்ணைப் பெற்ற செட்டியார் வந்து நின்றார்.
கணக்குக் கேட்கத்தான் என்று கையைத் துடைத்தேன்.
அவர் பார்த்தது டம்ளரை.
"என்னப்பா அது, மிளகு வாசம்?"
சொன்னேன்.
கைமாற்றுக் கேட்கிறவர் போலக் குரல் இறங்கியது:
"எனக்கு முந்நூற்றுப் பத்து.
ஆச்சிக்குத் தெரியாது.
தாலி ஏறட்டும்னு..."

எண்ணூறு பேருக்கு இலை விழப்போகிற வீட்டில்
விறகுக் குவியலுக்குப் பக்கத்தில்
இரண்டு பேர் நின்றவாக்கில் குடித்தோம்.
அடியில் ஒட்டினதை விரலால் வழித்துவிட்டு
"உப்புக் கம்மி" என்றார்.
உண்மைதான்.
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு
என் கைப்பக்குவத்தைப் பற்றிக் கேட்ட ஒரு உண்மை.
மேளம் ஆரம்பித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாதம்
அவர் பங்காளி வீட்டு அறுபதாம் கலியாணச் சிட்டை வந்தது.
உக்காரை, கும்மாயம், வெள்ளைப் பணியாரம்
என்று இரண்டு பக்கம் மசியில்.
கடைசியில் பென்சிலில், வேறு கையெழுத்தில்:
"அந்தப் பொடி. பன்னிரண்டு பேர்.
நாலு மணிக்கு, பின்கட்டில்.
வெளியே தெரிய வேண்டாம்."

இரண்டு தரம் படித்தேன்.
பிறகு சேவுகனைக் கூப்பிட்டு
சின்ன அண்டாவைக் கழுவச் சொன்னேன்.