பெட்டி எண் நாற்பத்தொன்று

இந்த வீட்டுக்குப் பூச்சு கிடையாது
என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
மற்ற வீடுகளில்
சுவர் எழும்பிய பிறகுதான் போவேன்.
கட்டர் வைத்துக் கிழிப்பேன்,
பைப்பைப் புதைப்பேன்.
கொத்தனார் பூசி மூடிவிடுவார்
அவர் கோணலோடு என் கோணலையும்.
இங்கே
கம்பி கட்டியதும் என் முறை.
கலவை விழுந்துவிட்டால்
ஓர் அங்குலம் நகர்த்தவும் உடைக்க வேண்டும்.
உடைத்தது ஆயுசுக்கும் தெரியும்.

சேவூர் ரோட்டில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே
'பிரேசில் சைட்' என்றால்
ஜல்லி லாரிக்காரருக்கும் வழி தெரியும்.
பனியன் ஆர்டர் பிடிக்க
சாவோ பாவ்லோ போன தெய்வசிகாமணி
ஆர்டரில்லாமல் திரும்பினார்,
போனில் நூற்றுப் பன்னிரண்டு படங்களோடு:
இரண்டே காலில் நிற்கும் கான்கிரீட் பெட்டி,
அதன் வயிற்றுக்கடியில் புல்வெளி,
கண்ணாடியை ஒதுக்கினால்
எது கூடம் எது தோட்டம் என்று தெரியாத தரை,
ஓட்டை ஓட்டையாய் ஒரு சுவர்.

அந்தச் சுவருக்கு அங்கே கோபோகோ என்று பேராம்.
சென்னியப்பன் இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்தார்.
"நம்ம தறிக் குடோனுக்கு வெக்கற ஜாலிதானுங்.
இதுக்கா பிளேன்ல போனாரு?"

பலகை வால்பாறையிலிருந்து வந்தது, சில்வர் ஓக்.
இறுகியபின் பிரித்தபோது
சுவரில் மரம் நின்றது,
ரேகை, கணு, ஆணி பிடுங்கிய வடு.
ஒடிசாப் பையன் ஒருவன் தடவிப் பார்த்து
ஏதோ ஒரு பெயர் சொன்னான்.
மரத்தின் பெயரோ
ஊரின் பெயரோ.

மேல்தளத்துக்கு வரைபடத்தில் நாற்பது பெட்டிகள்.
கட்டிலின் இருபுறம், டிவிக்கு ஏழு,
மீன்தொட்டிக்குக்கூட ஒன்று.
தமயந்தி அக்காவிடம் கேட்டேன்:
"ராத்திரி தூக்கம் வரலைன்னா
எங்கீங்க்கா நிப்பீங்க?"

வெறும் கம்பிக் கூட்டுக்குள்
அவர் கொஞ்சம் நடந்தார்.
மேற்கு மூலையில் நின்றார்.
கண்ணை மூடி
வலக்கையை நீட்டினார்
இன்னும் வராத சுவரை நோக்கி.
கை நின்ற உயரத்தில்
கம்பியில் சிவப்பு நூல் கட்டினேன்.

ஆர்க்கிடெக்ட் அம்மிணி சொன்னார்,
அந்தச் சுவர் சுத்தமாக இருக்க வேண்டும்,
சாயங்கால வெயில் படுகிற இடம்.
தெய்வசிகாமணி சொன்னார்,
"அங்க எதுக்கு?"
"வேண்டாம், உடுங்க" என்றார் அக்கா,
என்னைப் பார்க்காமல்.

மறுநாள் விடிகாலை பம்ப் வந்தது.
வைப்ரேட்டர் உறுமத் தொடங்குமுன்
நாற்பத்தொன்றாவதை வைத்தேன்.
வாயை டேப்பால் ஒட்டி
பலகையிலிருந்து நாலு நூல் உள்ளே தள்ளி.
பில்லில் எழுதவில்லை.

புண்ணியார்ச்சனைக்கு வந்த ஒறம்பரையெல்லாம்
சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்டார்கள்:
"ஊடு நல்லாருக்குதுங்.
பூச்சு வேலை எப்ப முடியும்?"
ஒவ்வொருவரிடமும் போனை எடுத்துக் காட்டினார் அவர்.
பந்தி முடிவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஆனியில் பாலக்காட்டுக் காற்று
ஜாலியின் ஒவ்வோர் ஓட்டையிலும்
வாய் வைத்து ஊதியது.
மக்காச்சோளச் சருகு
சாப்பாட்டு மேசை வரை வந்தது.
படங்களில் காற்று இல்லை.
ஆடியில் அக்கா
தார்ப்பாய் வாங்கிக் கட்டினார், நீல நிறம்.
ஆர்க்கிடெக்ட் அம்மிணி வருகிற நாளில் மட்டும்
அவிழ்ப்பார்கள் என்று கேள்வி.

கார்த்திகையில் ஒரு நாள் பத்தரை மணிக்கு மேல்
போன் வந்தது.
"தம்பி, அந்த மேக்காலச் செவுரு.
முட்டிப் பாத்தா
ஒரே ஒரு எடத்துல மட்டும்
வேற சத்தம் கேக்குது."

"ஆமாங்க்கா" என்றேன்.
"சின்ன உளி போதும்.
பத்து நிமிஷ வேலை."

சற்று நேரம் எதுவும் இல்லை.
பிறகு முட்டுகிற சத்தம்
போன் வழியே,
மூன்று தடவை, கெட்டியாக.
நாலாவது, வேறு மாதிரி.

"சரி" என்றார்.
"பேட்டரிக்குத் தண்ணி ஊத்தோணும்,
எப்ப வாரீங்க?"