இன்றைக்கு வேண்டாம்

ஊரே மழை கேட்டுக்கொண்டிருந்தது.
பெட்ரோல் பங்க் பலகையில் விலை போடும் இடத்தில்
யாரோ எழுத்துகளை மாற்றி மாட்டியிருந்தார்கள்:
அனுப்பி வை.
நாற்பது நாள் தீ. டாரலுக்கு வேலி போயிற்று,
பதினேழு கிடேரிகள் போயின.
நொயலீன் மட்டும் அண்ணாந்து பார்த்து
இன்றைக்கு வேண்டாம் என்றாள்,
யாரிடமோ கடன் தவணை கேட்பவள் போல.

மலைச்சரிவெல்லாம் சாம்பல்.
முதல் மழைக்கே ஓடையில் இறங்கிவிடும்.
கஞ்சியாய் வரும், செவுளில் அப்பும், என்றாள்.
கீழே போய்ப் பிழைக்கட்டுமே என்றேன்.
அருவிக்குக் கீழே டிரவுட் இருக்கிறது, தெரியாதா உனக்கு?

தெரியும்.
விட்டுவந்த ஆறுகளை மறக்கமாட்டாமல்
கப்பலில், பனிக்கட்டிக்கு நடுவே, முட்டையாக
எங்கள் முப்பாட்டன்மார் கொண்டுவந்த மீன்.
பன்னிரண்டு வயதில் நானும் ஒரு வாளி விட்டேன்.
தூண்டில் சங்கத்தில் கைதட்டினார்கள்.
இன்று மூன்றாள் உயர அருவி ஒன்றுதான் தாழ்ப்பாள்.
அதற்கு மேலே ஆறு கிலோமீட்டர்,
அவ்வளவுதான் இதன் உலகம்.

விரல் நீளம். செதில் கிடையாது.
முதுகில் பொன்புள்ளிகள் இருக்கின்றன என்று
வான்மீன் கூட்டத்தின் பெயரை வைத்துவிட்டார்கள்:
கேலக்ஸியாஸ்.
அத்தனை பெரிய பெயரைச் சுமந்துகொண்டு
கல்லுக்கடியில் கிடக்கிறது.

நொயலீன் முதுகில் பேட்டரி,
கையில் மின்கோல்.
தண்ணீரில் வைத்தால் ஒரு நொடி
மயங்கி மேலே வரும்; அதற்குள் வலை.
கருகிய பெரணிகளுக்கு நடுவே
முழங்கால் மரத்துப்போகும் குளிரில்
மாலைவரை அள்ளினோம்.
அறுபத்தொன்று.
டாரலின் பீர்ப் பெட்டியில் விட்டு
காற்றுக்குழாய் சொருகினோம்.

விழுந்த மரத்துக்கு அப்பால் ஒரு மடு இருந்தது.
பார்க்க நேரமில்லை.

வைக்கோல் லாரியைப் பறக்கவிடும் டாரல்
நிறைசூலியை ஏற்றியவன்போல்
குழிக்குக் குழி நின்று ஓட்டினான்.
இரண்டாவது வளைவில்
கண்ணாடியில் ஒரு சொட்டு.
யாரும் பேசவில்லை.
அவன் வைப்பரைப் போடவில்லை
ரொம்ப நேரம்.
அவன் புல்லுக்கு அது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.
நொயலீன் பின்பக்கம் திரும்பி
மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குள் வந்தபோது
மதுக்கடை வாசலில் எல்லோரும் நனைந்துகொண்டிருந்தார்கள்.
பள்ளிக்கூட வாத்தியார் காலணியைக் கழற்றிவிட்டு
நடுத்தெருவில் நின்றார்.
எங்களைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார்கள்.
டாரல் ஹாரனை அடித்தான்,
நீளமாக, இரண்டு முறை.
நான் இரண்டு கையாலும்
பெட்டி மூடியை அழுத்திப் பிடித்திருந்தேன்.