நாலு விரக்கடை

கை வந்து இறங்கியது ஆனி பதினாறு.
நாஞ்சிக்கோட்டைச் சாலைப் பட்டறைக்கு, தார்ப்பாய் போர்த்திய லாரியில்
தோள், முழங்கை, மணிக்கட்டு மட்டும்.
உடம்பில்லாத கை எதற்கு என்றாள் ஜெபசீலி.
உடம்புக்குத்தானே சம்பளம் என்றேன்.

ஒயரிங்கில் நாங்கள் ஆறு பெண்கள்.
இரும்புப் பெட்டியின் கதவைத் திறந்தால் ஒரு டெல்டா:
தலைமடையில் மெயின் பிரேக்கர்,
செப்புப் பட்டையில் சிவப்பு மஞ்சள் நீலம் என மூன்று ஆறு,
கன்னி வாய்க்கால்களாய்ப் பிரிந்து
கான்டாக்டர், ரிலே, டைமர் பாய்ந்து
அடிவரிசை டெர்மினலில் கடைமடை.
பெட்டிக்கு இருநூற்றுப் பதினான்கு ஒயர்.
எனக்கு ஒன்றரை நாள்.
கைக்கு நாலு மணி நேரம்,
அதுவும் ஆறாம் எண்ணை ஒருமுறைகூட
ஒன்பதாகச் செருகாமல்.

பொறாமை இல்லை என்றால் நம்பாதீர்கள்.
புள்ளிக்குப் புள்ளி அளந்து
மயிரிழை மிச்சமில்லாமல் நறுக்கும்.
இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி நிற்கும் ஒயர்.
அங்கேதான் உறுத்தியது.

புரோகிராம் போட வந்த இர்ஃபானிடம் சொன்னேன்:
இந்தப் பெட்டி தலைஞாயிறு பக்கம் போகிறது, வடிகால் பம்புக்கு.
வரப்பு முங்கினால் வயலெலிக்குப் போக்கிடம் இதுதான்.
கேபிள் ஓட்டையில் ஏறும், சூட்டில் குட்டி போடும், கடிக்கும்.
ராத்திரி முழங்கால் தண்ணீரில்
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒருத்தர் கதவைத் திறப்பார்.
கடிபட்டதை வெட்டிவிட்டுத் திரும்ப முடுக்க
ஒயர் எட்ட வேண்டாமா?
நான் நாலு விரக்கடை கூட விடுவேன்,
மடித்து, டக்டுக்குள் ஒளித்து.
டிராயிங்கில் அது கிடையாது.

என் விரல்களை மேசையில் வைக்கச் சொன்னான்.
ஸ்கேல் வைத்தான். எழுபத்திரண்டு மில்லிமீட்டர்.
தட்டினான்.
பன்னிரண்டு வருசப் பழக்கம்
இரண்டு இலக்கம்.

மறுநாள் பெட்டியில் எல்லா ஒயரிலும்
என் நாலு விரக்கடை.
எலி எட்டவே முடியாத கதவு விளக்குக்குக்கூட.
டக்ட் மூடி படியவில்லை.
செம்புக் கணக்குப் பார்த்து முதலாளி கத்தினார்.
அதிலிருந்து என் வேலை
டிராயிங்கில் பென்சிலால் சுழிப்பது:
இது கடிபடும்.
இது படாது.
எலியாக யோசிக்கிறேன், சம்பளம் அதேதான்.
ஜெபசீலியையும் இன்னும் இரண்டு பேரையும்
பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.
அவள் என்னோடு பேசுவதில்லை.

நேற்று கரண்ட் போனது.
நீல ஒயரைப் பிடித்தபடி பாதி வழியில் நின்றது கை,
இந்தா என்பது போல.
ஜெனரேட்டர்காரன் டீசலுக்குப் போயிருந்தான்.
அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டு ஜெபசீலி வந்தாள்.
செல்போன் வெளிச்சத்தில், தொங்கிய நுனியில்
தன் விரல்களை வைத்துப் பார்த்தாள்.
ஒட்டவில்லை.

"ஒனக்குச் சின்னக் கை.
என்னுதை அளந்திருந்தா
எம்பது வந்திருக்கும்."