ஏழு நிமிடம்

கோத்தன்பர்க்கில் பிப்ரவரி.
நிலவறையில் சலவை அறை.
எட்டு முதல் பத்து வரை என் முறை;
பலகையில் என் பூட்டு தொங்குகிறது.
எட்டு மணி ஏழு நிமிடம் ஆகியும்
சுற்றிக்கொண்டிருந்தது
வேறு யாருடைய துணியோ.

எங்கள் கட்டடத்தில் சண்டைக்கு யாரும் வாய் திறப்பதில்லை.
எழுதி ஒட்டுவோம்.
"அன்புள்ள அண்டை வீட்டாரே" என்று தொடங்கினேன்.
அந்த 'அன்புள்ள'விலேயே பேனா காகிதத்தைக் கிழித்தது.
மூன்று ஆச்சரியக்குறி. பெயர் போடவில்லை.

மறுநாள் அதன் கீழே, பென்சிலில், சாய்ந்த எழுத்தில்:
"மன்னியுங்கள். என் கணவர் இரவில் நனைத்துவிடுகிறார்.
விரிப்பு இரண்டுதான் இருக்கிறது.
ஹெட்விக், மூன்றாம் மாடி."

பெயர் போட்டிருந்தாள்.

காகிதத்தை உரித்தேன்.
பசை சுவரில் தங்கிவிட்டது,
நகத்தால் சுரண்டியும் போகவில்லை.

இப்போதெல்லாம் வியாழக்கிழமைகளில்
எட்டரைக்குத்தான் கூடையோடு இறங்குகிறேன்.
படியில் பார்த்தால் பனியைப் பற்றிப் பேசுகிறோம்.
எழுதியது நான்தான் என்று
அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட முடியுமா?
உலர்த்தியின் வடிகட்டியில் பஞ்சை அப்படியே விட்டுப் போவது
நான்காம் மாடி லெனார்ட். சந்தேகமே இல்லை.
எழுதத்தான் வேண்டும்.
பேனாவைத் தேடுகிறேன்.
பென்சில்தான் கிடைக்கிறது.