மொட்டைக்கொம்பியின் பேட்டரி

பள்ளத்தூர் தாண்டி, தைலமரக் காட்டோரம்
இருபத்திரண்டு வெள்ளாடுகளின் கழுத்தில்
தீப்பெட்டி அளவு ரேடியோ கட்டிவிட்டேன்.
கண்மாய்க் கலுங்கின் மேல் என் லேப்டாப்.

மேய்கிற ஆட்டிடமிருந்து மேய்கிற ஆட்டுக்குக்
கைமாறிக் கைமாறி வரவேண்டும் சேதி:
இங்கிருக்கிறேன்.
அவ்வளவுதான்.

நேரே கத்தினால் கட்டுப்படியாகாது.
தூரம் இரண்டு பங்கானால் மின்சாரம் நான்கு பங்கு,
செம்பராங்கல் மேட்டிலும் சீமைக்கருவேலிலும் அதற்கும் மேலே.
பக்கத்து ஆட்டின் காதில் முணுமுணுத்தால் போதும் என்று
ஆய்வேட்டில் அழகாக எழுதியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் மொட்டைக்கொம்பி செத்தது.
ஆடு இல்லை, அதன் பெட்டி.
மந்தைக்கு நடுவிலேயே மேயும் பழக்கம் அதற்கு;
எல்லாருடைய குறுக்குவழியும் அதன் கழுத்து.
தனக்காகச் சொன்னது நானூறு தடவை,
பிறத்தியாருக்காகச் சுமந்தது
ஐயாயிரத்து அறுநூறு.
அன்று மத்தியானம் மந்தை இரண்டாயிற்று.
இந்தப் பக்கம் ஏழு பச்சைப் புள்ளிகள்,
மற்றவை திரையில் இல்லை.
காட்டில் எல்லாம் ஒன்றாகத்தான் மேய்ந்தன.

விதியை மாற்றினேன்:
கிட்டின வழி வேண்டாம், தெம்பு மிஞ்சின வழி போ.
கால்வாசிக்குக் கீழே இறங்கியது
முடியாது என்று சொல்லலாம்.
பதினேழு நாள் வந்தது.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தால்
பேசித் தீர்ந்தது கொஞ்சம்.
யாராவது கூப்பிடுவார்களோ என்று
காதைத் திறந்துவைத்துச் சும்மா இருந்ததில்
தீர்ந்ததுதான் முக்கால்வாசி.
என் போனைத் திருப்பிப் பார்த்தேன்.
மூன்று மாதமாக இரவிலும் அணைக்காத போன்.

ஆடு மேய்க்கும் சேவுகன்
தன் போனை அணைத்தேதான் வைத்திருப்பான்.
"திருப்பூர்ல அவளும் அமத்தித்தான் வச்சிருப்பா.
அஞ்சு மணிக்கு நானும் போடுவேன், அவளும் போடுவா.
ஒரு சார்ஜு நாலு நாளு வரும்."
"அவசரம்னா?"
"அவசரம்னா அஞ்சு மணிக்குச் சொல்லுவா."

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் விழித்து
உடனே உறங்கும்படி எழுதினேன்.
இருபத்திரண்டு கடிகாரம் ஒத்துப்போக
மூன்று இரவு நான் உறங்கவில்லை.

இன்று நாற்பத்தோராம் நாள்.
மொட்டைக்கொம்பியிடம் இன்னும் பாதி இருக்கிறது.
ஐயனார் கோயில் மண்குதிரை நிழலிலிருந்து
கடைசி ஆட்டின் இங்கிருக்கிறேன்
எட்டு நிமிடம் பிந்தி வந்து சேர்ந்தது.

போய்ப் பார்த்தேன்.
அங்கேயேதான் படுத்திருந்தது.