நாலாம் நிரல்

பள்ளிக்கூடத்து மழைமானி என் பொறுப்பு.
காலை எட்டரைக்குப் புனலைக் கழற்றி
குழாயில் தேங்கியதைக் கண்மட்டத்தில் பிடித்து
ஏட்டில் எழுதவேண்டும்:
திகதி, மழை, காற்றின் திசை.
ஒருநாள் உள்ளே தவளைக்குஞ்சு கிடந்தது.
அதைக் கழித்துத்தானே எழுதினீங்கள்
என்று அதிபர் கேட்டார்.

போன ஆவணியில் கொழும்பிலிருந்து ஒரு பெடியன் வந்து
ஆய்வுகூடக் கூரைவிளிம்பில் வெள்ளைப் பெட்டி பூட்டினான்.
தூசு அளக்குமாம்.
தலைமயிரை முப்பதாய்க் கிழித்தால் எவ்வளவோ
அவ்வளவு தூசு.
பச்சை என்றால் சுகம். மஞ்சள் என்றால் கவனம்.
சிவப்புக்கு மேலே ஊதா,
அது உங்களுக்கு வராது ரீச்சர், கடல் பக்கத்தில் இருக்கு
என்றான்.
அடிமட்டம் வைத்து நாலாவது நிரல் கீறினேன்.

சோளகத்தின் கடைசி நாட்கள்.
கிறவல் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால்
ஒழுங்கை முழுக்க எழும்பி நடந்தது:
மஞ்சள்.
சிறுபோகம் வெட்டி வைக்கோல் கொளுத்திய இரவு
ஒரேயொரு சிவப்பு.
ஐப்பசி மழை வந்து
பச்சை, பச்சை, பச்சை, எழுத அலுத்துவிட்டது.

வலை காயவைக்க வந்த பொனிப்பாஸ் சிரித்தார்.
"சோளகம், கச்சான், வாடை, கொண்டல்.
நாலு காத்துக்கும் பேர் இருக்கு.
உங்கட பெட்டிக்கு ஒண்டின்ர பேரும் தெரியாதே?"
தெரியாதுதான்.
பெட்டிக்குள் சின்ன விசிறி ஒன்று
நாள் முழுக்க இழுத்து இழுத்துச் சுற்றும்.
தரம் ஏழு கபிசன், காற்சட்டைப் பையில் பம்ப்போடு,
கீழே நின்று கேட்பான்:
"ரீச்சர், அதுக்கும் முட்டோ?"

மார்கழியில் ஒரு புயல்
எங்களிடம் வராமல் வடக்கால் போனது.
மற்றநாள் விடியவில்லை, வெளுத்தது.
நந்திக்கடலைக் காணவில்லை.
வட்டுவாகல் பாலம் பாதியில் நின்றது;
சைக்கிள்கள் அதற்குள் போய் மணியாக மட்டும் மிஞ்சின.
புகார் என்றார்கள் எல்லோரும்.
புகார் என்றால் சைக்கிள் சீற் நனைந்திருக்கவேண்டும்.
விரல் வைத்துப் பார்த்தேன்.
காய்ந்து, மா மாதிரி ஒட்டியது.

ஊதா.
நூற்றி எண்பத்தாறு.

எந்தக் கரையின் சூளையோ, எந்த வயலின் தாளோ,
எந்த நகரத்து வாகனங்களோ.
பாஸ் எடுக்காமல் கடலைத் தாண்டி வந்து
எங்கள் பிள்ளைகளின் வகுப்பில் குந்தியிருந்தது.
இருபத்தொன்பதில் பதினொன்று பேர்தான் வரவு.
கபிசனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.
ஆவி பிடிக்கும் மெசின் ஒன்று.
வரிசை வாசல்வரை.

கடலுக்குப் போகாத பொனிப்பாஸ்
துவாயால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தார்.
"என்ன காத்து எண்டு எழுதினீங்கள்?"
"வாடை."
"வாடைக்கு இந்த மணம் இல்லை."
துவாயை இறக்கி ஒருதரம் இழுத்தார்.
"எரிஞ்ச றப்பர். எனக்கு இது தெரியும்..."
பிறகு இருமினார்.
பிறகு பேசவில்லை.
நானும் கேட்கவில்லை. எனக்கும் தெரியும்.

அன்று பின்னேரம் பழைய ஏட்டைப் புரட்டினேன்.
இரண்டாயிரத்து எட்டு, புரட்டாதி: பன்னிரண்டு மில்லிமீற்றர்.
அடுத்த பக்கம்
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, தை.
வேறு கையெழுத்து, வேறு மை.
இடையில் மழை பெய்துதான் இருக்கும்.
பங்குழிக்குள் முழங்கால் வரை நின்றது, அதை
எந்தக் குழாயிலும் ஊற்றி நான் அளக்கவில்லை.
அந்தச் சித்திரையின் காற்றுக்கு
என்ன நிறம் விழுந்திருக்கும் என்று
ஒரு கணம் நினைத்து
ஏட்டை மூடினேன்.

மூன்றாம் நாள் கொண்டல் திரும்பியது.
கடல் இருந்த இடத்திலேயே இருந்தது.
பச்சை.
கபிசன் வந்தான், பெட்டியை அண்ணாந்து பார்த்து
"சுகமோ?" என்றான்.

வாடை என்று எழுதியதை நான் வெட்டவில்லை.
பக்கத்தில், கோட்டுக்கு வெளியே,
பென்சிலால் சின்னதாய்:
மணம், எரிந்த றப்பர்.
சொன்னவர் பொனிப்பாஸ்.
அதற்கு நிரல் இல்லை.