காய்ச்சல் கணக்கு

லாபிர் நானாவின் கொப்பியில்
மாதத்துக்கு நாலு நாள்
என் பெயருக்கு நேரே காய்ச்சல்.
அவருடைய எழுத்தில் ‘காச்சல்’.
தவமலருக்கும் காச்சல், ஜெசீமாவுக்கும் காச்சல்.
தம்பலகாமக் குடாவில்
மட்டி பொறுக்கும் பெண்களுக்கு மட்டும்
முறைவைத்து வரும் இந்த வருத்தத்தை
எந்தச் சுகாதார அதிகாரியும் வந்து பார்த்ததில்லை.

வற்று விடியமுன் தொடங்கும்.
இடுப்பளவு தண்ணீர்.
கால்விரலால் சேற்றைக் கிண்டிக் குனிந்து எடுக்க
கயிற்றில் கட்டிய வாளி
பின்னால் மிதந்து வரும்.
சீனக்குடா மா ஆலையின் வெளிச்சம்
தண்ணீரில் நீட்டிக் கிடக்கும்,
அதை மிதித்துக்கொண்டு போவோம்.

இந்தத் தண்ணீருக்குள் கடைப் பஞ்சு என்ன செய்யும்?
குடிக்கும்.
என்னுடையதைக் குடிக்கவென்று காசு கொடுத்தேன்,
அது குடாவைக் குடித்தது.
ஒருநாள் குழந்தைத் தலையணை அளவுக்கு ஊதி
பாவாடைக்குள்ளால் நழுவி
வெள்ளையாய், அவசரமில்லாமல்,
பாலத்துப் பக்கம் புறப்பட்டது.
மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
“போகட்டும்” என்றாள் ஜெசீமா,
“அதுக்கும் கிண்ணியா பார்க்க ஆசையாக்கும்.”
சிரித்ததில் என் வாளி கவிழ்ந்தது.

அது கிண்ணியா போகவில்லை.
கண்டல் வேரில் மாட்டிக் கிடந்தது.
அடுத்த மாதமும்.
மாரி வந்து போனபின்னும்
பஞ்சு கரைந்த பிளாஸ்டிக் தோல்
வேரை விடாமல்.
கீழே ஒரு நண்டு குடியிருந்தது.
அந்தப் பக்கம் நான் கால் வைப்பதில்லை.

ஜெசீமா துணிக்காரி.
பழைய சாரத்தை மடித்து, பொத்தான் வைத்து
ஒன்பது தைத்திருக்கிறாள்.
கழுவி, நல்ல வெயிலில், ஒளிக்காமல் காயப்போடுவாள்:
“ஊரே பார்த்த சாரம்தானே.”
துணியோடு குடாவில் இறங்க ஏலாது.
அவளுக்கு அது வசதி; நாலு நாள் முதுகு நிமிரும்.
எனக்குக் கட்டாது.
சீட்டுக்காசு மாதம் முழுக்க நடக்கிறது.

கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸ் விட்டு வந்த ரொமிலா
வாங்கியபின் பயந்துபோய்த்
திறக்காமல் வைத்திருந்த பெட்டியை
அரைவிலைக்குத் தந்தாள்.
உள்ளே ஒரு சிலிக்கன் கிண்ணம்.
பத்து வருசம் பாவிக்கலாமாம்.
தாளில் தமிழ் முழுக்க எழுத்துப்பிழை,
படம்தான் காப்பாற்றியது.

மடித்தேன்; கையை விட்டுப் பாய்ந்து
சுவரில் பட்டு விழுந்தது.
மறுநாள் உள்ளே போனது,
வெளியே வர மறுத்தது.
கக்கூசில் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து
கோணேசருக்கு நேர்த்தி வைத்தேன்,
என்னவென்று சொல்லாமல்.
அடியை நசுக்கினால் காற்று இறங்கும் என்பது
நேர்த்திக்குப் பிறகுதான் புரிந்தது.

அவிப்பதற்கு ஒரு மால்ட் பேணி ஒதுக்கினேன்.
“என்ன அவியுது?” என்றார் என்ர மனுசன்.
“மட்டி.”
மூடியைத் திறந்து பார்த்தார்.
மூடினார்.
அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளிவிட்டு
வெளியே போனார்.

ஆனியில், இரண்டாம் நாள், இறங்கினேன்.
முழங்கால். தொடை. இடுப்பு.
நின்றேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
அவ்வளவுதான்:
ஒன்றும் நடக்கவில்லை.
கையில் ஒரு மட்டி
உதட்டை இறுக்கி
கடலை வெளியே நிறுத்திவைத்திருந்தது.
இருபது வருசமாய் இதை
கிலோக் கணக்கில் விற்றிருக்கிறேன்.

ஆவணி முடிவில் லாபிர் நானா
கொப்பியை முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார்.
என் பெயருக்கு நேரே ஒரு காச்சலும் இல்லை.
பேனையை மூடினார்.
தராசடியில் வேறு ஆட்கள் இல்லையென்று பார்த்து
குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“எத்தினை மாசம், தங்கச்சி?”

பன்னிரண்டு வருசக் காய்ச்சலும்
ஒரே கணத்தில் முகத்தில் ஏறியது.

“மட்டியை நிறுங்கோ நானா” என்றேன்.